ஐந்தாம் மாடி ஜன்னலில் தெரிந்த கால்கள்

அல்மாத்தி நகரத்தில் குலியாஷ் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் சமையலறை ஜன்னலில், அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து மலை தெரியவில்லை. தெருவில் நடப்பவர்களின் கால்கள் தெரிந்தன. வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. உருளைக்கிழங்கு விலை இறங்கி ஆட்டுக்கறி விலை ஏறியிருந்த பருவம் அது, முதல் பனி இன்னும் விழவில்லை. ஜன்னலைத் திறந்தால் மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. சாத்தினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேறு அப்பிய பூட்ஸ்களும், கிழிந்த காலுறைகளும், எப்போதாவது ஒரு நாயின் வயிறும் போய்வந்தன.

குலியாஷ் வீட்டுக்காரியானது புருஷன் இறந்த பிறகு. குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் சமைத்து ஓய்வு பெற்றவள். கேகென் என்ற ஊர்ப்பக்கத்தில் இருந்த புருஷனுடைய வீட்டையும் குதிரைக் கொட்டடியையும் விற்று, வந்த பணத்தைப் போட்டு நகரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினாள். தான் குடியிருக்க அல்ல. தான் கீழ்ப்பக்கம், ரயில் நிலையத்தருகே ஒரு பழைய ஒற்றை அறையில் இருந்துகொண்டு, அதை மேல்பக்கத்தில், மலை தெரிகிற இடத்தில் வாங்கினாள். இந்த ஊரில் மலை தெரிந்தால் வாடகை கூடும். இந்த யோசனையைக் கொடுத்தவள் அவளுடைய ஓரகத்தி பிபிகுல். பிபிகுலுக்கு நாலு வீடு வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன புத்திமதியெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை, குலியாஷுக்கு மட்டும் சும்மா கிடைத்தன.

"வீட்டைப் பாக்க வர்றவன் மூஞ்சியப் பாக்காதடி, செருப்பைப் பாரு. கழட்டி ஓரமா ஒழுங்கா வெச்சான்னா வீட்டையும் ஒழுங்கா வெப்பான். கடைசி மாச வாடகைய முதல்லயே வாங்கிடு. குழாய் எல்லாத்தையும் அவன் முன்னாடியே திறந்து காட்டு, அப்புறம் ஒழுகுதுன்னு வந்து நிக்க மாட்டான். மீட்டரை ரெண்டு பேருமா சேர்ந்து பாருங்க. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, வாடகைக்காரங்களோட உக்காந்து டீ குடிக்காதே."

"ஏன்க்கா, ஒரு டீல என்ன ஆயிடப் போகுது?"

"குடிச்சா சொந்தமாயிடுவாங்க. சொந்தக்காரங்ககிட்ட வாடகைய ஏத்துவியா?"

குலியாஷ் செருப்பைப் பார்த்தாள், குழாயைத் திறந்து காட்டினாள், கடைசி மாத வாடகையை முதலிலேயே வாங்கினாள். கடைசிப் புத்திமதியை மட்டும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. குடிவந்தவள் நூர்பிகே, டிராலி பஸ் ஓட்டுகிறவள், கையில் ஒரு பெண் குழந்தை, கூட இரண்டு மூட்டை. மூட்டைகளைப் பார்த்ததும் குலியாஷுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஓர் இடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களை அங்கே முன்பே வேரூன்றியவர்கள் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும், எருலிக் என்று அதற்குப் பெயர், அதைச் செய்யாதவள் என்ன கசாக் பெண். நூர்பிகேவைக் கூப்பிட்டுப் போடத் தன் ஒற்றை அறையில் இடம் போதாது என்று, அந்தச் சமையலறையிலேயே கறியை வேகவைத்து, மாவுத்தகடுகளை விரித்து, கொழுப்பு மிதக்கும் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். நூர்பிகே மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சின்னவள் ஆயிம் எலும்பை உறிஞ்சிக்கொண்டே தூங்கிப்போனாள்.

பிபிகுலுக்குச் சேதி போய், போனிலேயே கத்தினாள். "சோறு போட்டியா? வாடகைக்கு வந்தவளுக்கா? இனிமே அவளை எப்படிடி வெளியே அனுப்புவே, உன் உப்பைத் தின்னுட்டா!"

"எதுக்குக்கா வெளியே அனுப்பணும்?"

"இப்ப தெரியாது. ஒரு நாள் தெரியும்."

அந்த நாள் மூன்று வருஷம் கழித்து வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் வடக்கே எல்லைக்கு அப்பால் போருக்கு ஆள் பிடித்தார்கள், அதற்குத் தப்பி ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் வாலிபர்கள், முதுகில் ஒரு பை, பைக்குள் ஒரு கணினி. ரயில் நிலையத்திலும் மசூதியிலும் சினிமாக் கொட்டகையிலும் படுத்திருந்தார்கள். வாடகை ஒரே வாரத்தில் இரண்டு பங்காயிற்று, சில இடத்தில் மூன்று பங்கு. ஊர் முழுக்க வீட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று கல்யாணம் நிச்சயமானது. அது பிபிகுல் போன்றவர்கள் கண்டுபிடித்த வழி. வாடகை அதிகம் கிடைக்கிறது, போ என்று சொன்னால் மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். பிள்ளைக்குக் கல்யாணம், மருமகள் வருகிறாள், வீடு வேண்டும் என்று சொன்னால் வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

குலியாஷின் மகன் மெய்ராம் மேற்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்தான். பெண்கள் இருக்கும் அறைக்குள் நுழையக் கூச்சப்பட்டு வாசலில் நின்றே பேசுகிறவன். அவனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று குலியாஷ் நூர்பிகேவிடம் சொன்னபோது அந்த வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தாள். காலியான கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நூர்பிகே அலமாரியைத் திறந்து, ஆயிமுக்கு எட்டாத உயரத்தில் ஒளித்து வைத்திருந்த மிட்டாய்ப் பையை எடுத்து, அப்படியே குலியாஷின் தலைக்கு மேல் வாரி இறைத்தாள். நல்ல சேதி கேட்டால் இனிப்பை இறைக்க வேண்டும், அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அக்கா! மெய்ராமுக்கா? அந்தக் கூச்சக்காரனுக்கா? பொண்ணு யாரு, எந்த ஊரு, சொல்லுங்க, சொல்லுங்க!"

"அங்கேயே... கூட வேலை பாக்கற பொண்ணு," என்றாள் குலியாஷ்.

"பாத்தீங்களா, கூச்சம் எல்லாம் உங்க முன்னாடிதான்! மருமக முகத்திரையை விலக்கற சடங்கு அன்னிக்கு என்னைக் கூப்பிடாம விட்டீங்கன்னா டிராலி பஸ்ஸை நேரா உங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்திடுவேன். எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, மருமக வர்ற வீட்டுல நாங்க எதுக்கு. ஆயிம், மிட்டாயைப் பொறுக்கு, பெரியம்மாவுக்கும் குடு."

குழந்தை பொறுக்கிக் கொடுத்த மிட்டாயைக் குலியாஷ் வாயில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. அது கரைய வெகு நேரமாயிற்று என்று பின்னாளில் பிபிகுலிடம் சொன்னாள்.

வாரக் கடைசிக்குள் நூர்பிகே வீட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் கிளெப் என்ற வாலிபன் குடிவந்தான். மரியாதைக்காரன், அப்பா பெயரையும் சேர்த்து "குலியாஷ் சபீரோவ்னா" என்றுதான் கூப்பிடுவான். பல மாத வாடகையை ஒன்றாகக் கொடுத்தான். அதற்கு மறுநாள் காலையில் போன் செய்தான்.

"மன்னிக்கணும் குலியாஷ் சபீரோவ்னா, நான் எடுத்தது அஞ்சாவது மாடி வீடுதானே?"

"ஏன் தம்பி, படி ஏறித்தானே போனீங்க?"

"ஏறித்தான் போனேன். ஆனா ஜன்னல்ல ஜனங்களோட கால் தெரியுது. நான் குடிக்கிற ஆள் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்."

குலியாஷ் போய்ப் பார்த்தாள். தெரிந்தது. ஜன்னல் பொருத்துகிறவனைக் கூப்பிட்டாள். அவன் பழைய கண்ணாடியைக் கழற்றினான், ஓட்டையில் மலை அழகாகத் தெரிந்தது. புதுக் கண்ணாடியைப் பொருத்தினான், அதில் ஒரு கிழவரின் கைத்தடி நடந்து போனது. "கண்ணாடியில ஒரு குறையும் இல்லக்கா," என்றான் அவன். "அதுக்குப் பின்னாடி இருக்கறது என் வேலை கிடையாது." கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். படுக்கையறை ஜன்னல்கள் ஒழுங்காக இருந்தன. சமையலறையில் மட்டும் இப்படி. குளிர் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து மலை பார்க்க முடியாது.

குலியாஷ் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கால்களுக்கு நடுவில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. பூட்ஸ்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, கண்ணாடியில் தெறித்திருந்த சேற்றை வெளியிலிருந்து துடைத்தாள். துடைத்த இடத்தில் ஒரு முகம் நிறைந்தது. நூர்பிகே. உள்ளே யாரையோ பார்த்துச் சிரித்தாள், கன்னத்தை உப்பவைத்து முகத்தைக் கோணிக் காட்டினாள், எழுந்து வேலைக்குப் போனாள். அந்தச் சிரிப்பு ஆயிமுக்கானது, நிச்சயம். ஆனால் குலியாஷ் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் வந்து விழுந்தது. அவள் கையிலிருந்த டீ ஆறிப்போனது. நூர்பிகே தெருமட்டத்துக்குக் கீழே ஏதோ ஒரு பாதாள அறைக்குக் குடிபோயிருக்கிறாள், அதன் ஜன்னலில் என்ன தெரிகிறதோ அது இங்கே தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ள வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கவில்லை. மலையை அவள் எடுத்துக்கொண்டும் போகவில்லை, விட்டுவிட்டும் போகவில்லை.

பிபிகுல் நேரில் வந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள், திறந்தாள், சாத்தினாள். "ம்," என்றாள். அதிசயத்தைப் பற்றி அவ்வளவுதான் சொன்னாள். மற்றதெல்லாம் தொழில்.

"சோறு போட்டதோட விளைவு இது. அன்னிக்கே சொன்னேன். சரி, இப்ப வழியைப் பாரு. பாதாளத்துல இருக்கறவ உசந்த எடத்துக்குப் போனா இங்க என்ன தெரியும்?"

"மலை தெரியும்."

"அப்ப அவளுக்கு ஒரு வீடு புடி. என் ஒன்பதாவது மாடி இப்பத்தான் காலியாச்சு. ஜன்னல் பூரா மலை."

"அந்த வாடகை அவளால முடியாதுக்கா."

"அவ பழைய வாடகைய குடுக்கட்டும். மிச்சத்தை நீ எனக்குக் குடு. என்ன அப்படிப் பாக்கறே? ஓரகத்திக்காக விலையைக் குறைச்சா நாலு வீடு எப்படி சேரும்?"

குலியாஷ் சம்மதித்தாள். அந்தச் சம்மதத்தில் மன உறுத்தல் எவ்வளவு, வாடகைக் கணக்கு எவ்வளவு என்று அவள் பல தடவை பிரித்துப் பார்க்க முயன்றாள், பிரியவில்லை. டிராலி பஸ் கடைசியாகத் திரும்பும் நிறுத்தத்தில் போய் நின்றாள். நூர்பிகே ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு குதித்து வந்து கட்டிக்கொண்டாள்.

"கல்யாணம் எப்பக்கா? நான் துணி கூட எடுத்துட்டேன்!"

"தள்ளிப் போயிருக்கு," என்றாள் குலியாஷ். "பொண்ணு வீட்டுல ஒரு சாவு."

"ஐயோ," என்று நூர்பிகே இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிப் பிரார்த்தித்தாள், பிறக்காத மருமகளின் செத்தே போகாத உறவுக்காக. குலியாஷும் கூடச் சேர்ந்து முகத்தைத் தடவிக்கொண்டாள். வேறு என்ன செய்ய முடியும். பிறகு வீட்டு விஷயத்தைச் சொன்னாள். என் ஓரகத்தி வீடு, நல்லவள், வாடகையில் பேராசை கிடையாது என்று சொல்லும்போது அவளுக்கே வியர்த்தது.

நூர்பிகே குடிபோன அன்றே கிளெப்பின் ஜன்னலில் மலை வந்துவிட்டது, அதுவும் முன்பைவிட நாலு மாடி உயரத்திலிருந்து. முதல் பனி விழுந்திருந்தது. கிளெப் போன் செய்து நன்றி சொன்னான், இத்தனை சீக்கிரம் பழுதுபார்க்கிற வீட்டுக்காரரை அவன் தன் ஊரில் பார்த்ததில்லையாம். ஆனாலும் கால்கள் போனது கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது என்றான். சிவப்பு பூட்ஸ் போட்ட ஒரு கிழவி தினமும் எங்கேதான் போய்வருகிறாள் என்று கண்டுபிடிக்காமலே போயிற்றே.

இது டிசம்பர் வரை நீடித்தது. பிபிகுல் மீட்டர் பார்க்கத் தன் ஒன்பதாவது மாடிக்குப் போனாள். போனவளை நூர்பிகே உட்கார வைத்து, மருமகளுக்கு முகம் பார்க்கும் சீராக என்ன கொடுக்கலாம், துணியா, கம்மலா என்று கேட்டாள். பிபிகுல் தன் வீட்டில் வாடகைக்காரர் கொடுத்த டீயைக் குடிக்காதவள். அன்று குளிர் தாங்காமல் குடித்துவிட்டாள்.

"எந்த மருமக?"

"மெய்ராமோட..."

"மெய்ராமுக்கா? அவன் பூனையைப் பாத்தாலே வெக்கப்பட்டுத் தலையைக் குனிவான், அவனுக்குக் கல்யாணமா!" சொல்லி முடித்த பிறகுதான் பிபிகுலுக்கு அந்தக் கல்யாணப் பொய் நினைவு வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு மீட்டர்கூடப் பார்க்காமல் எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை கிளெப் போன் செய்தான். ஜன்னலில் துணி தெரிந்தது. நீலக் கோடு போட்ட, நூர்பிகேவின் பழைய படுக்கை விரிப்பு, ஓரம் ஓரமாக ஆணி வைத்து இழுத்துக் கட்டியது. சமையலறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. "கால் பரவாயில்ல, மலை ரொம்ப நல்லது," என்றான். "துணியைப் பாத்துக்கிட்டு என்னால காபி குடிக்க முடியல, மன்னிக்கணும்." மிச்ச மாதப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான்.

குலியாஷ் மறுபடியும் அந்தக் கடைசி நிறுத்தத்துக்குப் போனாள். இந்தத் தடவை நூர்பிகே இறங்கவில்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தாள். காலி பஸ்ஸில் குலியாஷ் படியேறிப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வாடகை, வடக்கத்தி வாலிபன், சாவு, ஒன்பதாவது மாடிக்குத் தான் கொடுத்துவந்த மிச்சப் பணம். கடைசியில் ஜன்னலையும் சொன்னாள்.

நூர்பிகே ஜன்னலுக்கு ஆச்சரியப்படவில்லை. "அப்ப நான் சேத்தைத் துடைக்கறப்ப நீங்க அங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் வந்து கல்யாணம் தள்ளிப் போச்சுன்னு சொன்னீங்க."

குலியாஷ் இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த ஊர்ல வாடகை ஏறிப்போச்சு, உன்னால முடியாது, கிளம்புன்னு நீங்க சொல்லியிருந்தா ரெண்டு நாள் உங்களைத் திட்டியிருப்பேன். மூணாவது நாள் மறந்திருப்பேன். எனக்கு ஆத்தாமை வீட்டுக்கு இல்ல. நான் சந்தோஷப்பட்டேன்க்கா. பாதாளத்துல ஈரச் சுவரைப் பாத்துக்கிட்டு, பரவால்ல, அங்க ஒரு பொண்ணு புதுசா குடித்தனம் பண்ணப் போறான்னு நினைச்சு நினைச்சு சந்தோஷப்பட்டேன். அதை எப்படித் திருப்பித் தருவீங்க?"

"தர முடியாதும்மா."

"முடியாதுல்ல. சரி, இறங்குங்க, நேரமாச்சு. நீங்க எனக்குச் சோறு போட்டவங்க, அதனால மரியாதையா சொல்றேன்."

அவள் ஒன்பதாவது மாடியைக் காலி செய்து, சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள். ஓட்டுகிற பஸ் தடத்தையும் மாற்றிக்கொண்டாள். எங்கே போனாள் என்று குலியாஷ் யாரையும் விசாரிக்கவில்லை, விசாரிக்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். ஜன்னலில் நீலக் கோடு விரிப்பு ஒரு நாள் கழன்று, வேறொரு ஜன்னலின் சட்டம் ஒரு நொடி தெரிந்து, உடனே அதே விரிப்பு மறுபடி இழுத்துக் கட்டப்பட்டது. ஆக, அவளுக்கு ஒரு கூரை இருக்கிறது. அது மட்டும் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு காலியாகக் கிடந்தது. காலி வீடு ஆளைத் தின்றுவிடும் என்று பிபிகுல் தினமும் போனில் கத்தினாள். துணிக்கு முன்னால் ஒரு அலமாரியை நிறுத்து, சுவர் என்று சொல்லி வாடகைக்கு விடு, பாதிப் பேர் கேட்கக்கூட மாட்டார்கள் என்றாள். அது நல்ல யோசனைதான். குலியாஷ் செய்யவில்லை. தன் ஓய்வூதியத்தில் அந்த வீட்டுக்கும் சேர்த்து வீடு சூடாக்கும் கட்டணம் கட்டினாள், கறியை நிறுத்தி மாவுத்தகடும் வெங்காயமும் சாப்பிட்டாள். காலையில் கீழிருந்து பஸ் ஏறி மேலே வந்து, சமையலறையில் பால் டீ போட்டு, துணிக்கு எதிரே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவாள். சில நாள் துணிக்குப் பின்னால் வெயில் இருந்தது, சில நாள் இல்லை. திறக்கச் சொல்லிக் கேட்க வாய் இல்லை, கேட்டாலும் அந்தப் பக்கம் கேட்காது. மெய்ராம் விடுமுறைக்கு வந்தபோது, வாசலில் நின்றபடியே, அம்மா நீ இளைச்சுப் போயிட்டே என்றான். உன் கல்யாணத்துக்கு அலைஞ்சதுலடா என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

மார்ச் மாதம், வசந்த விழா கழிந்து, சந்தையில் விதைப் பொட்டலங்கள் வந்திருந்த சமயம், குலியாஷ் டீக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு கை வந்து ஆணிகளைப் பிடுங்கியது. விரிப்பு விழுந்தது. வெயில் மொத்தமும் சமையலறைக்குள் வந்து விழுந்ததில் அவள் கண் கூசியது. ஒரு முற்றம் தெரிந்தது, சுண்ணாம்பு பூசிய அடிமரத்தோடு ஒரு ஆப்பிள் மரம், துணிக்கொடி, கூரைக்கு மேல் கொஞ்சம் வானம். மலை இல்லை. நூர்பிகேவின் முதுகு தெரிந்தது. வெட்டிய பால் டப்பாக்களை ஒவ்வொன்றாக ஜன்னல் மேடையில் அடுக்கினாள், எல்லாவற்றிலும் தக்காளி நாற்று, நூல் மாதிரி, வெளிச்சத்துக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு. வெளிச்சம் படும்படி டப்பாக்களைத் திருப்பி வைத்தாள். பிறகு தன் சமையலறைப் பக்கம் திரும்பி, நேராகக் குலியாஷ் இருந்த இடத்தைப் பார்த்தாள். தன் அடுப்பில் கொதித்த கெட்டிலைப் பார்த்திருக்கலாம். குலியாஷ் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நூர்பிகே சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. மண் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பார்வையிலிருந்து விலகிப் போனாள்.

நாற்றுக்கு வெயில் வேண்டும், அதனால் திறந்தாள். குலியாஷ் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், அதற்கு மேல் ஆசைப்படவில்லை. அடுத்த வாரம் வீட்டைப் பழைய வாடகைக்கு, பல் மருத்துவம் படிக்கும் இரண்டு பெண்களுக்கு விட்டாள். குழாய்களைத் திறந்து காட்டினாள், மீட்டரைச் சேர்ந்து பார்த்தார்கள். சமையலறைக்கு வந்ததும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"இந்த ஜன்னல்ல தெரியறது நம்ம முற்றம் இல்ல. வேற ஒரு அம்மாவோடது. மத்தியானம் வரைக்கும் நல்ல வெயில். அவங்க துணியப் போட்டு மூடினா மூடட்டும், அன்னிக்கு விளக்கைப் போட்டுக்கங்க, அந்தக் கரண்டை நான் வாடகையில கழிச்சிடறேன்."

பெண்களில் ஒருத்தி குனிந்து நாற்றுகளைப் பார்த்தாள். "இதுக்குத் தண்ணி ஊத்தணுமா ஆன்ட்டி?"

"வேண்டாம்," என்றாள் குலியாஷ். "அவங்களே ஊத்திப்பாங்க."